உட்காருவதற்கு முன்

பிப்ரவரி 9, திங்கள்

குளியலறை பல்பு போய் ரொம்ப நாளாகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறேன். கூடத்து வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வரும், அது போதும். தனியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி. புது பல்பு வாங்காமல் இல்லை. டீவிக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். ஸ்டூல் மேல் துவைத்த துணி குவிந்திருக்கிறது. துணியை மடித்தால்தான் ஸ்டூல். மடித்ததை வைக்க அலமாரியில் இடம் பண்ண வேண்டும். அலமாரியை நினைத்தாலே டீ குடிக்கத் தோன்றுகிறது.

டீ போடவும் எழவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

லேபில் இன்று இரண்டு முழு பல்செட் முடித்தேன். மெழுகில் பல் வரிசை வைக்கும்போது எனக்கு வேறெதுவும் ஞாபகம் வராது. முன்பல் மயிரிழை உள்ளே தள்ளிப் போனாலும் ஒருவருடைய சிரிப்பே மாறிவிடும். பிடுங்கித் திரும்ப வைப்பேன், அலுக்காது. முதலாளி புதிதாகச் சேர்ந்தவரிடம் என்னைக் காட்டி, "இந்தம்மாகிட்ட ஒரு வேலையைக் கொடுத்துட்டா, ஆச்சான்னு திரும்பிக் கேக்கவே வேண்டாம்" என்றார்.

அவர் என் சமையலறையைப் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி? அங்கே பறக்கிற கை, வீட்டுப் படியேறும்போதே யாரோ கழற்றி வைத்துக்கொண்ட மாதிரி தொங்கிப்போகிறது. லேபில் யாரோ ஒருவர் பொக்கை வாயோடு காத்திருக்கிறார். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதுதான் காரணமா?

அப்படியும் சொல்ல முடியாது. வாத்து காத்திருக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வாத்து என்று பேர் வைத்ததே நான்தான். லேபில் அத்தனை வருடம் பக்கத்து மேஜை. என் சாப்பாட்டு டப்பாவை என்னைக் கேட்காமல் திறக்கிற ஒரே ஆள். பிறகு பல் கிளினிக்கில் ரிசப்ஷனுக்குப் போய்விட்டாள். புருஷன் இல்லை, மகன் கப்பலில்.

புது வருடம் பிறந்த சில நாளில் ஒரு மெசேஜ் அனுப்பினாள். "ஒரு விஷயம் பேசணும்டி. ஃப்ரீயா இருக்கப்ப கூப்பிடு."

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். கையில் தட்டு இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டதும் தூக்கம் வந்தது. மறுநாள், நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு ஒரு சின்னக் காரணம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாக ஒன்று. இப்போது இருக்கிற நிலைமைக்கு எனக்குக் காலராவே வந்திருந்தால்தான் பொருத்தமாக இருக்கும்.

தம்பி போன் செய்தான். "என்னக்கா பண்ற?"

"சும்மாதான் இருக்கேன்."

"நீ எப்பக்கா சும்மா இல்லாம இருந்திருக்க?" என்று சிரித்தான். பின்னால் அவன் பிள்ளை அழுதது. "அப்புறம் பேசறேன்க்கா."

அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் இருமியபோதுதான் என் குரலையே திரும்பக் கேட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

கிளினிக்கிலிருந்து பல் அச்சுகளை எடுத்துக்கொண்டு வரும் பெண் வந்திருந்தாள். ட்ரேயை வைத்துவிட்டுப் போகிற போக்கில், "எங்க ரிசப்ஷன் அக்கா இப்ப எப்படி இருக்காங்க? நீங்க பாத்துட்டுதானே இருப்பீங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், என்ன அவளுக்கு?"

அவள் முகம் மாறிப்போயிற்று. "உங்களுக்குத் தெரியாதா? மார்ல கட்டி. போன மாசக் கடைசியில ஆபரேஷன். நல்லவேளை, பரவலையாம். அவங்க எப்பவும் உங்களைப் பத்தித்தானே பேசுவாங்க, அதான்..."

பேச வேண்டிய விஷயம் அதுதான். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே — என்ன சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகமில்லை. தனியாகவா போனாள்? யாரையாவது கூட்டிக்கொண்டாளா? கடவுளே, என்ன ஜென்மம் நான்.

நாளை விடிந்ததும் போகிறேன்.

பிப்ரவரி 21, சனி

போகவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றும்.

என்ன வேடிக்கை பார். தெரியாமல் போகாதிருந்தது சோம்பல். தெரிந்தும் போகாமல் இருப்பதற்கு என்ன பேர்? நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன், ஆனால் ஓய்வாகக் கிடக்கவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு மூட்டை சுமக்க முடியுமா? முடிகிறது.

மார்ச் 1, ஞாயிறு

புது மாதம். அட்டவணை போட்டேன். காலை ஐந்துக்கு எழுவது, நடை, பாத்திரம், துணி, வாத்துக்குப் போன். ஸ்கெட்ச் பேனாவில் கோடெல்லாம் அடித்து அழகாக வந்தது. அதை ஒட்ட டேப் தேடினேன், கிடைக்கவில்லை. டேப் வாங்கிய பிறகு ஆரம்பிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இதைத் தம்பியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. ரொம்பச் சின்ன விஷயம்.

லேபிலிருந்து வந்து கதவைத் திறந்தால் குப்பைக் கூடை நாற்றம் குடலைப் பிடுங்கியது. தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு கீழே போய்க் கொட்டிவிட்டு வந்தேன். மேலே வந்தபோதும் பை தோளில்தான் இருந்தது. நின்றபடியே தொட்டியில் கிடந்த டம்ளர்களைக் கழுவினேன். பிறகு தட்டுகள். வலித்தது தோள்தான், மனசு இல்லை. அப்புறம் பையை இறக்கி சோபாவில் உட்கார்ந்தேன். அத்தோடு சரி. அதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை.

ஆக, உட்காராதவரை நான் தேவலை. என் வில்லன் அந்த சோபாதான்.

மார்ச் 6, வெள்ளி

பையோடு துணியை வாரிக் கட்டில் மேல் போட்டேன். பையோடு ஸ்டூலில் ஏறினேன். கீழே விழுந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? விழவில்லை. குளியலறையில் வெளிச்சம் வந்துவிட்டது.

வந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இத்தனை நாளாய் இருட்டிலேயே தலை வாரியிருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒரு நிமிஷம் யாரோ உள்ளே நிற்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

வாத்து வீட்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு போகலாம் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டே, ஒரே ஒரு நிமிஷம் என்று சோபாவில் உட்கார்ந்தேன். செருப்போடு தூங்கிப்போனேன்.

வீட்டுக்கு வந்தால் போக முடியாது. லேபிலிருந்தே போக வேண்டும்.

மார்ச் 11, புதன்

போனேன்.

லேபிலிருந்து நேராக, உடையில் பிளாஸ்டர் தூளோடு. பஸ்ஸில் காரணங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டேன்: காய்ச்சல், போன் ரிப்பேர், லேபில் ஆள் இல்லை. அவள் தெருவில் இறங்கியதும் கால் பின்னுக்கு இழுத்தது. எதிர்ப்பக்கம் என் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வேறு காலியாக வந்து நின்றது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி, கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்ட மாதிரி வைத்திருந்தாள்.

"ஓ," என்றாள். "வழி தெரிஞ்சுதா?"

உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றேன். டம்ளர், டப்பா, பாத்திரம் எல்லாம் மேல் தட்டுகளிலிருந்து இறங்கி இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. அவள் கை அதற்கு மேல் எட்டுவதில்லை போல.

"ஏன் கூப்பிடல?"

அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஒரு காரணமும் இல்ல. சோம்பேறித்தனம்."

"சோம்பேறித்தனமா? நான் என்னென்னமோ நினைச்சேன்டி. உன்னை ஏதாவது சொல்லிட்டேனா, என் மேல கோவமா, நான் வேலையை விட்டுப் போனதுல மனசு கஷ்டமான்னு. ஆபரேஷனுக்கு முன்னாடி வெளியில படுக்க வெச்சிருந்தாங்க. கட்டியைப் பத்தி யோசிக்கல. இதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"சரி, பாத்தாச்சில்ல. கிளம்பு. எனக்குக் களைப்பா இருக்கு."

கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

என் சோம்பல் என்னோடு போகட்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். என் பாத்திரம், என் துணி, என் பல்பு. அது இன்னொருத்தியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் இங்கே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

திரும்பப் போனேன். கதவைத் தட்டினால் உள்ளிருந்து, "நான் தூங்கறேன்" என்றாள்.

"தூங்கறவ பேச மாட்டா."

அப்புறம் தாழ்ப்பாள் ஓசை. "என்ன, தினம் வரப் போறியா? நீயா?"

"தெரியல. இன்னிக்கு வந்திருக்கேன்."

மேல் தட்டில் மாட்டிக்கொண்டிருந்த பெரிய பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

கைப்பயிற்சி செய்யாவிட்டால் தோள் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் அவளைத் திட்டியிருக்கிறார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. அவள் ஒரு நாளும் செய்ததில்லை.

"இன்னிக்கு வேண்டாம். உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. திங்கட்கிழமையிலருந்து ஒழுங்கா ஆரம்பிக்கறேன்."

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். "யாருகிட்ட சொல்ற? நான் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ."

"சோம்பேறித்தனத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கற? என் தலையெழுத்து!"

பையோடு போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நானும் விரலால் ஏறினேன். பார்க்க இரண்டு பல்லிகள் மாதிரி இருந்திருக்கும். இடது கை தோள் உயரம் வருவதற்கு முன்பே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைக் கண்டபடி திட்டினாள். பழைய கணக்கெல்லாம் அதில் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

சனி, ஞாயிறு போகவில்லை. இன்றும் இல்லை. லீவு நாளில் தோளில் பை இல்லை. பை இல்லாவிட்டால் நான் இல்லை. இத்தனை நாள் போனோமே, இரண்டு நாள் போகாவிட்டால் என்ன என்று ஆரம்பித்தது. இன்றைக்கு மறுபடி காரணம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதே குழி. அதே படுக்கை. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அவள் கூப்பிட மாட்டாள். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாளே.

மார்ச் 31, செவ்வாய்

போனேன். எந்தக் காரணமும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

"பயிற்சி செஞ்சியா?" என்றேன்.

"நீ வந்தியா?" என்றாள்.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றோம்.

ஏப்ரல் 9, வியாழன்

என் வீடு கொஞ்சம் வீடு மாதிரி ஆகியிருக்கிறது. ரொம்ப இல்லை. அலமாரியை இன்னும் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வந்ததும் பையோடு ஒரு வேலை, பிறகுதான் சோபா. ஒன்றுக்கு மேல் கேட்டால் உடம்பு முறைத்துக்கொள்கிறது. ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாத்து வீட்டிலிருந்து திரும்பினால் இங்கே நிசப்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்கிறது. முன்பு தூங்கியே அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன் போல.

அவள் என்னிடம் பேசுகிறாள், டீ கொடுக்கிறாள். ஆனால் அவளாக எதையும் சொல்வதில்லை. அடுத்த பரிசோதனை எப்போது என்பதுகூட அவள் மகனோடு போனில் பேசும்போது காதில் விழுந்துதான் தெரியும். மன்னித்துவிட்டாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அதுவும் என் நிம்மதிக்காகத்தான் இருக்கும். கேட்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

லீவு நாள். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கீழ்வீட்டுக்காரர், "சனிக்கிழமைகூட வேலையா?" என்றார். "ஆமா" என்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அலமாரி.

முடிந்தது. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

மே 8, வெள்ளி

லேபுக்கு இன்று ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். புதுப் பல்செட்டில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டுமாம். ஒழுங்காக வைத்திருக்கிறோமே என்றதற்கு, "ஒழுங்கா இருந்தா என் வீட்டுக்காரி என்னை வேற யாரோன்னு நினைச்சு வெளியிலேயே நிக்க வெச்சிடுவாம்மா" என்றார்.

சாயங்காலம் சுவர் வேலை முடிந்ததும், சமையலறையில் நின்று டீ குடித்துக்கொண்டே வாத்துவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு, மூச்சு வாங்க வாங்க. "அப்புறம்? வெச்சுக் கொடுத்தியா?" என்றாள்.

"கொடுக்காம? உனக்கும் ஒரு செட் தயார் பண்ணி வைக்கட்டுமா? வயசாகுதில்ல."

"அடிங்க!" என்று என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். நான் அவளைவிட ஒரு சாண் உயரம். வலியில் கண்ணில் பொறி பறந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மீதி டீயைக் குடித்தோம். கிளம்பும்போது, "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும், லேபுல லீவு சொல்லிடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டபோதுதான் உறைத்தது. வலது கையில் அவள் டீ டம்ளரைப் பிடித்திருந்தாள்.