ஏலும் என்று சொன்ன உம்மாவுக்கு

உம்மா,

இன்று அலுவலகத்தில் யாரோ இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாசத்தோடு மூதூரில் உங்கள் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. விண்ணப்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இயலாத முதியவர்களுக்கான பராமரிப்புக் கொடுப்பனவுக்கு நீங்கள் விண்ணப்பித்திருந்தீர்கள். தகுதி பார்க்க வந்தவள் நான். வேலைக்குப் புதியவள், என் கெட்டித்தனத்தில் எனக்கு அபார நம்பிக்கை. தோய்த்த சேலை உடுத்து, வாசலில் நின்றே வரவேற்றீர்கள். "இரிங்க மகள், தேத்தண்ணி போட்டுத் தாறன்" என்று குசினிக்குப் போனீர்கள். சுவரைப் பிடித்தபடி போனதை நான் கவனிக்கவில்லை. படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடக்க ஏலுமா? சமைக்க? தனியாகக் குளிக்க? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஓம் மகள், ஏலும்." தேநீரைக் குடித்து முடித்து, 'பிறர் உதவி தேவையில்லை' என்று எழுதினேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே கோப்பை உடையும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் குசினித் தரையில் கிடந்தீர்கள். கால் இரண்டும் நடுங்கின.

"நீங்க போகும் வரைக்கும் நிண்டிடலாம் எண்டு நினைச்சனான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே, உம்மா?"

"வீட்டுக்கு வந்த ஆள்ட்ட அத எப்பிடி மகள் சொல்ற?"

உங்கள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் மெல்லச் சொன்னீர்கள். கக்கூசுக்குத் தனியாகப் போக ஏலாது. பக்கத்து வீட்டுப் பெண் அந்தியில் வந்து கூட்டிப்போகும் வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. அப்படிப்பட்ட உங்களிடம் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, உம்மா. எழுதியதை வெட்டிவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கொடுப்பனவு கிடைத்தது. அதைக் கொண்டு அந்தப் பெண்ணையே காலையும் மாலையும் வரச் செய்தீர்கள். அடுத்த முறை நான் வந்தபோது குளித்த தலை ஈரம் காயாமல் கட்டிலில் இருந்தீர்கள். "இப்ப நான் எழும்பல்ல மகள், பாருங்க!" என்று ஒரே சிரிப்பு. அவள் தேநீர் தந்தாள். நீங்கள் இரண்டு கோப்பை குடித்தீர்கள்.

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் இரண்டு நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டது. நீங்கள் தந்த கேள்வி ஒன்று மட்டும் போகுமிடமெல்லாம் என்னோடு வருகிறது. படிவத்தில் அது இல்லை. போன கிழமை இலங்கைத்துறையில் தனியாக இருக்கும் முதிய மீனவர் ஒருவர், நெஞ்சை நிமிர்த்தி எல்லாம் ஏலும் என்றார். பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்:

"ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?"

நிமிர்த்திய நெஞ்சைத் தளர்த்தி, மூலையில் மூடியிருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லட்டோ, பிள்ளை?"