இடது ஓரத்தில் ஊறுகாய் ஜாடி

தேவிகுளம்,
7-7-2025

அன்புப் பேத்தி மோனிஷாவுக்கு, அப்பத்தா சாந்தம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே மழை ஐந்து நாளாக விடவில்லை. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பாலக்காட்டு ஹாஸ்டல் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது. தலையைத் துவட்டாமல் படுக்கிறாய், எனக்குத் தெரியும்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறையில் உன் அம்மா காதில் விழும். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பார்த்துப் படி.

விஷயம் அந்த லேப்டாப்தான். பழசாகி மூச்சு வாங்குகிறது என்று விஷு லீவில் வந்தபோது உள்ளே இருந்த கனமானதை எடுத்துவிட்டு, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். இப்போது நன்றாகவே ஓடுகிறது. திரைக்கு அடியில் ஒரு பட்டை, பட்டையில் வரிசையாகச் சின்னப் படங்கள், எதை அமுக்கினாலும் அதற்குரியது திறக்கும். இடது ஓரத்து முதல் இடத்தில் என் பாட்டுப் படத்தை வைத்தாய். அடுத்தது உன் முகம், அமுக்கினால் திரையில் நீ பேச வருவாய். பிறகு உன் அம்மா ஷீனாவின் வேதப் பாட்டு, சர்ச்சில் பாடுவது. கடைசியில் ஊறுகாய் ஜாடி. அதில் அம்மா ஊறுகாய்ப் பக்குவம் எழுதி வைத்திருக்கிறாள் என்று நீதான் சொன்னாய்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் பாட்டு மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. முதல் இடத்தில் வேதப் பாட்டு! கேட்டதற்கு உன் அம்மா, "தூசி தொடைக்கும்போது தன்னால நகந்திருக்கும் அம்மே" என்றாள். துடைத்தால் நகர்வதற்கு அது என்ன தீப்பெட்டியா?

நான் விடுவேனா. மவுஸின் வலது காதை அமுக்கினேன், ஒரு பட்டியல் வந்தது. திற, பண்புகள், நீக்கு, நகர்த்து, பூட்டு. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நகர்த்து என்றால் படம் கோழிக்குஞ்சு மாதிரி மவுஸ் பின்னாலேயே வருகிறது. வேண்டிய இடத்தில் இன்னொரு தட்டு தட்டினால் நின்றுவிடுகிறது. அன்றைக்கே என் பாட்டை முதலில் கொண்டுவந்தேன். மறுநாள் அவள் மாற்றினாள். மறுபடி நான். இதுவரை ஒன்பது முறை ஆயிற்று. 

பண்புகள் என்றால் என்ன என்று அதையும் திறந்தேன். பெயர், கட்டளை, குறிப்பு என்று மூன்று கட்டங்கள், பக்கத்தில் படம். படத்தைத் தொட்டால் வேறு படம் வைத்துக்கொள்ளலாம். வேதப் பாட்டுக்கு யானைப் படம் வைத்துப் பார்த்தேன். யானையை அமுக்கினாலும் வேதப் பாட்டுத்தான் வருகிறது. முகத்தில் என்ன இருந்தாலும் கட்டளை சொல்கிற வேலைதான் நடக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. யானையை எடுத்துப் பழைய படத்தையே வைத்துவிட்டேன், பயப்படாதே.

நேற்று நாரத்தங்காய்க்கு எவ்வளவு உப்பு என்று பார்க்க அந்த ஜாடியை அமுக்கினேன். ஊறுகாய் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஏதோ பேசினாள். இங்கிலீஷ் இல்லை. எஸ்டேட்டில் துரைமார் பேசிக் கேட்டவள் நான், அது எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்குப் படம் மாற்றத் தெரியாது. அந்த ஜாடியை ஜன்னல் பக்கம் தூக்கி வைத்து நீ போட்டோ எடுத்தது ஏப்ரல் பதினாறு, புதன்கிழமை காலை, நான் சீனிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். எதற்குடி என்றேன். சும்மா என்றாய். அது என்ன பாஷை, எதற்கு ஜாடிக்குள் ஒளிந்திருக்கிறது? மறைக்காமல் எழுது. பகல் தபாலுக்கு உன் அம்மா எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் டியூட்டியில் இருப்பாள், என் கைக்குத்தான் வரும்.

தலையைத் துவட்டு.

அப்பத்தா

*

தேவிகுளம்,
18-7-2025

மோனிஷாவுக்கு, அப்பத்தா எழுதுவது.

உன் பதில் வந்தது. ஜெர்மன் என்று எழுதியிருக்கிறாய். செப்டம்பரில் கொச்சியில் உன் அம்மாவுக்குப் பரீட்சை, தேறினால் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அப்பத்தாவுக்குத் தெரிந்தால் தடுத்துவிடும் என்று அம்மா பயந்தாள், அதனால்தான் ஊறுகாய் என்று பெயர் வைத்தோம் என்கிறாய். அவள் பயந்ததில் தப்பில்லை. போன மாதம் தெரிந்திருந்தால் தடுத்துத்தான் இருப்பேன்.

உன் அப்பன் ஈஸ்வரன் கண் மூடி மூன்று வருஷம் ஆகிறது. அவள் டிஸ்பென்சரி வேலையில் இருக்கும்வரைதான் இந்த லயத்து வீடு நமக்கு. அவள் வேலையை விட்டால் எஸ்டேட்டுக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். இது எனக்குத் தெரியாதது இல்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள். உன் அம்மா கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், ஆனி மாதம் செவ்வாய்க்கிழமை, கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் கட்டும் படங்கை இரண்டாகக் கிழித்துத் தரை துடைத்தாள். என் ஆத்தா கட்டி, அதற்குப் பிறகு நான் கட்டிய படங்கு. இருபத்தொரு வருஷமாக அவள் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. மூன்று மாதமாக அவள் டிஸ்பென்சரிக்கு இறங்கும்போது உதடு முணுமுணுக்கும். என்னைத்தான் திட்டுகிறாள் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். பாடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதை மட்டும் அழித்துவிட்டேன்.

நேற்று அவள் டியூட்டிக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். ஜாடியை நகர்த்திக்கொண்டு வந்து இடது ஓரத்தில், என் பாட்டுக்கும் முன்னால் விட்டேன். பூட்டு என்பதையும் அமுக்கினேன், இனி யாரும் கைபட்டு நகர்த்த முடியாது. பண்புகளில் அந்தக் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அங்கே எழுதி வைத்தால், மவுஸைப் படத்தின் மேல் கொண்டுபோகும்போது அந்த எழுத்து தானாக மேலே தெரியும் என்று கண்டுபிடித்தேன். நீ சாவிகளில் ஒட்டித் தந்த தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போனது, உலையில் அரிசி குழைந்துவிட்டது.

என்ன எழுதினேன் தெரியுமா? "சத்தமாகப் படி. படங்கை நான் மறக்கவில்லை."

அவள் இன்னும் பார்க்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன்.

அப்பத்தா

*

தேவிகுளம்,
27-7-2025

என் கண்ணு மோனிஷாவுக்கு, அப்பத்தா எழுதுவது.

இரண்டு நாள் அவள் டியூட்டிக்குப் போனாள், வந்தாள். குழம்பில் உப்புக் கூட இருந்தது, நானும் மோரை ஊற்றித் தின்றேன். மூன்றாம் நாள் பாட்டுக் கேட்கலாம் என்று என் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு எழுத்து எட்டிப் பார்த்தது. "ஏது படங்கு அம்மே?"

இருபத்தொரு வருஷம் நான் நெஞ்சில் வைத்துக் காத்தது, அவளுக்கு என்னவென்றே தெரியவில்லையடி! வந்த கோபத்தில் அடுப்படிக்குப் போய் நின்று, கிழமை முதற்கொண்டு சொன்னேன். கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தவள், "அய்யோ, அது கிழிஞ்ச சாக்குன்னுல்ல நெனச்சேன். இந்த வீட்டுல எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு எனக்கு யாரு சொல்லித் தந்தா?" என்றாள். யாரும் சொல்லவில்லைதான். நான் அந்த வருஷம் முழுக்க அவளோடு பேசவே இல்லை.

பிறகு அவளே, "நான் போனா அம்மே எங்க இருப்பீங்க? அது தெரியாமத்தான் ஊறுகாய்னு பேரு வச்சேன்" என்றாள். "மொதல்ல பாஸ் பண்ணுடி. அப்புறம் இந்தக் கிழவிய எங்க வைக்கிறதுன்னு பாப்போம்" என்றேன். பாடம் கேட்கக் காதில் மாட்டும் வயரை அன்றோடு கழற்றிவிட்டாள். இப்போது சாயங்காலம் வீடு முழுக்க வெள்ளைக்காரி சத்தம்தான். எனக்கும் இரண்டு வார்த்தை பிடிபட்டுவிட்டது. இஷ் பின் ஷீனா என்றால் நான் ஷீனா என்று அர்த்தமாம். அந்த இஷ்ஷில் வருவது ஷீனாவின் ஷ இல்லையாம், அங்கெல்லாம் அவள் நாக்கு முரண்டு பிடிக்கிறது, வெள்ளைக்காரி சொல்வது அப்படி இல்லை என்று நான் திருத்துகிறேன். முறைக்கிறாள். முறைக்கட்டும், பரீட்சைக்கு நாள் இல்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. அவள் போன பிறகு அந்த ஜாடியைப் பட்டையிலிருந்து நீக்கக் கூடாது. படமும் மாற வேண்டாம், இடமும் மாற வேண்டாம். கட்டளையை மட்டும் மாற்ற வேண்டும். ஜாடியை அமுக்கினால் உன் அம்மா முகம் வர வேண்டும், உன்னுடையது வருவதுபோல. அந்தக் கட்டத்தில் என்ன எழுத்து அடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில், இடைவெளி விட்டு எழுதி அனுப்பு. நீ வந்து செய்து தருகிறேன் என்று சொல்லாதே, நானே அடிப்பேன். இப்போதே அனுப்பி வை. அன்றைக்கு எனக்குக் கண் சரியாகத் தெரிகிறதோ இல்லையோ.

எந்த வீட்டில் உட்கார்ந்து அமுக்குவாய் என்று மட்டும் கேட்காதே. மடக்கினால் இடுப்பில் அடங்குகிற சாமான்தானே இந்த லேப்டாப்.

நீங்கள் இரண்டு பேரும் போகிற இடமெல்லாம் நன்றாக இருக்க வேண்டும். படங்கை நான் இன்னும் மறக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லு. அவள் அதைக் கேட்கவாவது தினமும் வரட்டும்.

உன் அப்பத்தா
சாந்தம்மாள்