நடுக்கம் கழற்றிய பெட்டி

அண்ணி,

நேற்று சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன, சற்று நேரத்தில் அந்த வாசனை எழுந்தது. முதலில் சூடேறிய தூசி, அப்புறம் தோல். ஷூ கம்பெனியில் மிஞ்சிய துண்டுத் தோலைச் சேர்த்து நீங்கள் தைத்துப் போட்ட உறை, மழைக்காலம் வந்தால் போதும், தான் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆம்பூரில் தோல் வாசனைக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பெட்டி என்பது நாம் வைத்த பேர். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர்; அண்ணன் அதை ஆம்ப்ளி என்பார். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டியபோது வாங்கி வந்தார். டிரான்சிஸ்டருக்கு முந்திய வால்வு ஜாதி. கிட்டாரைச் செருகி, ‘ட்ரெமலோ’ என்று எழுதிய திருகைத் திருப்பினால் சத்தம் கிணற்றுத் தண்ணீரில் தெரியும் விளக்கைப் போல நடுங்கும். நம் வீட்டில் அதற்கு நடுக்கம் என்றே பேர். கல்யாண வரவேற்பில் அண்ணன் அந்த நடுக்கத்தோடு ஒரு மெட்டை இழுத்தால், பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். நான் அவருடைய தங்கையாக்கும் என்று கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் கீபோர்டு வந்தது. ஒரே ஆள் மொத்த வாத்தியக் கோஷ்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வாசித்தான். கிட்டார்காரருக்கு அழைப்பு கம்மியாகிப்போனது. துபாயில் ஒரு ஹோட்டலில் வாசிக்க ஆள் கேட்கிறார்கள் என்று அண்ணன் கிளம்பினார். பெட்டியின் கனத்துக்கு அதை விமானத்தில் கொண்டுபோக வழியில்லை. ஆட்டோ வாசலில் நிற்க, அவர் உங்களிடம் கடைசியாகச் சொன்னது உங்கள் உடம்பைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை.

“வாரத்துக்கு ஒருவாட்டி போட்டு வை. சும்மா கெடந்தா உள்ள கண்டென்சர் செத்துடும்.”

நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் பெங்களூரில் ரேடியோ கம்பெனியில் ஈயம் வைக்கும் வேலை பார்த்தவர். அதை நான் மறந்தே போயிருந்தேன். சனிக்கிழமை ஷூ கம்பெனியிலிருந்து வந்து, கை கழுவி, சேலை மாற்றி, ஜெபத்துக்கு உட்காருகிற மாதிரி பெட்டி முன் உட்காருவீர்கள். கிட்டார் இல்லை, பாட்டு இல்லை. ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் மட்டும். எனக்குப் பொறுக்காது.

“ஒல வெக்காம அடுப்பு எரியுது. இன்னாத்துக்கு அண்ணி?”

“உங்க அண்ணன் வந்து கேட்டா இருக்கணும் இல்ல, ஸ்டெல்லா.”

கடிதங்கள் குறைந்தன. பிறகு நின்றன. பெட்டி மட்டும் நிற்கவில்லை. இரைச்சல் தடித்தால் எந்தக் கண்டென்சர் உப்பியிருக்கிறது என்று பார்த்து மாற்றினீர்கள். ஸ்பீக்கரின் விளிம்புக் காகிதம் கிழிந்தபோது, கையுறைக்குப் போகிற மெல்லிய ஆட்டுத்தோலை வளையமாக வெட்டி ஒட்டினீர்கள். ஒரு வால்வு போனபோது பேரணாம்பட்டில் மூடிக்கிடந்த டூரிங் கொட்டகையின் பழைய செட்டில் அதே நம்பர் இருக்கிறது என்று யாரோ சொல்ல, இருவரும் பஸ் ஏறினோம். திரும்பும்போது வால்வைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் வைத்து, ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் நீங்கள் சீட்டைவிட்டு லேசாக எழுந்துகொண்டே வந்தீர்கள். கைக்குழந்தையோடு வருகிறீர்களாக்கும் என்று பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

செத்ததை மட்டும்தான் மாற்றுவீர்கள். மற்றதெல்லாம் அவர் விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டும். திருகுகளில் அவர் கடைசியாக வைத்த இடம்கூட மாறக் கூடாது. தூசி துடைத்தாலும் அவற்றைச் சுற்றித்தான் துணி போகும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணனோடு அதே ஹோட்டலில் வேலை பார்த்த டிரம்ஸ்காரர் ஊருக்கு வந்திருந்தார். கோயில் வாசலில் நம்மைப் பார்த்ததும் முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து, கடைசியில் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது, ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நீங்கள் அந்த டிரம்ஸ்காரருடைய அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் கேக்கும் வாங்கினீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைப் போடவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பின்பலகையைக் கழற்றினீர்கள். நான் கிட்டே வந்தபோது கையை நீட்டித் தடுத்தீர்கள். “பிளக்கப் புடுங்கிட்டா மட்டும் போதாது. உள்ள கரண்ட் நிக்கும். வடியட்டும்.” அன்றைக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு கட்டரை எடுத்து, நடுக்கத்துக்குப் போகிற வயர்களை ஒவ்வொன்றாக வெட்டினீர்கள்.

கத்தியது நான்தான். “அது அண்ணனோட பெட்டி! அவர் வந்தா இன்னா சொல்லுவீங்க?”

கைவிட்டுப் போனவர் உங்களுக்குப் புருஷன். எனக்கு அண்ணன். அவர் திரும்பி வந்து அந்த மெட்டை இழுப்பார் என்று உங்களைவிட அதிகமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. நீங்கள் நிமிரக்கூட இல்லை.

“அந்த சத்தம் அவருக்குத்தான் புடிக்கும். எனக்கு எப்பவுமே தலைய சுத்தும்.”

இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களே, அண்ணி.

நடுக்கத்துக்கென்று உழைத்த வால்வை மைக்குக்குத் திருப்பிவிட்டீர்கள். கிட்டார் பெட்டியில் பேச்சு தெளிவாக வர நிறைய நாள் மெனக்கெட்டீர்கள். பழைய உறையை உரித்து, தோல் உறை தைத்ததும் அப்போதுதான். புதன்கிழமை மாதர் ஜெபத்துக்குப் பெட்டி போனது. வீட்டில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத உங்கள் குரல் பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக் கடைசி பெஞ்சுவரை போனது. அந்த வருஷங்களில் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும்.

அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தார். தலை நரைத்திருந்தது. கிட்டாரும் கையுமாக வந்து, காபி ஆறும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியில் செருகினார். கை தானாக அந்தத் திருகுக்குப் போனது. திருப்பினார். மறுபடி திருப்பினார். சத்தம் நேராகவே வந்தது.

“இது இன்னா ஆச்சு?”

“அதுல ஒண்ணும் இல்ல,” என்றீர்கள். “அந்தத் திருக எடுத்துட்டா ஓட்டையா தெரியும். அதான் மேல வெச்சிருக்கேன்.”

அவர் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டார். தெருமுனைவரை நான் போனேன். நீங்கள் வாசலுக்கு வரவில்லை. அன்று ராத்திரி உங்கள் பக்கம் இருந்ததா அவர் பக்கம் இருந்ததா என் அழுகை என்று எனக்கு இன்னும் தெரியாது.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஆட்களை அடையாளம் தெரியாமல் போனது. ஒரு சாயங்காலம் மட்டும் கண்ணைத் திறந்து, “பெட்டி போட்டியா?” என்றீர்கள். “போட்டேன் அண்ணி,” என்றேன். “ஸ்பீக்கர் வயரைப் பாத்துக்கோ, அது இல்லாம போட்டுடாத,” என்றீர்கள். நமக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் நீங்கள். நானும்தான்.

நேற்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய வால்வு ஆம்ப்ளிகளை வாங்கிச் சீர்செய்கிறவர். அண்ணன்தான் விலாசம் கொடுத்தாராம். வாரம் தவறாமல் போட்டு வைக்கிறேன் என்று சொன்னேன். பின்பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஈயம் வைத்திருக்கும் அழகைப் பார்த்து, “யாரு பண்ணது?” என்று வாயைப் பிளந்தார். ஸ்பீக்கர் விளிம்புத் தோலை விரலால் தடவினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“ட்ரெமலோவ வெட்டிட்டாங்களே. பரவால்ல, அரை நாள் வேல. பழையபடி கொண்டாந்துடலாம். ஒரு தடவ கேட்டுப் பாருங்க, அப்புறம் விக்கிறதப் பத்திப் பேசலாம்.”

அண்ணி, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆசையாக இருந்தது. ஒரே ஒரு தடவை அந்த நடுக்கத்தைக் கேட்டுவிட்டால், பந்தல், சீரியல் லைட், சிரிக்கிற அண்ணன், பக்கத்தில் புதுச் சேலையில் நீங்கள், எல்லாம் வந்துவிடும் போல இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே அந்த வெற்றுத் திருகு தெரிந்தது. அன்றைக்கு அண்ணன் கைபட்டுத் திரும்பிய இடத்திலேயே நின்றது.

“வேணாங்க,” என்றேன். “அது தானா கெட்டுப் போகல. வேணும்னே எடுத்தது.”

அவர் பலகையை மூடினார். கிளம்பும்போது மனசு கேட்காமல் திரும்பினார்.

“நீங்க வாசிப்பீங்களா?”

“இல்ல.”

“பாடுவீங்களா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு வாரா வாரம் போட்டு வெக்கிறீங்க?”

“வந்து கேட்டா இருக்கணும் இல்ல,” என்றேன்.

யார் வந்து என்று அவர் கேட்கவில்லை.

உங்கள்
ஸ்டெல்லா