தவளை நோட்டின் கடைசிப் பக்கம்

அண்ணாச்சி, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் என் கை எழுதியது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இன்று உங்கள் தவளை நோட்டைத் திறந்தேன். இன்னும் மிஷின் எண்ணெய் வாசம் அடிக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணி அதை என்னிடம் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தேன். வகுப்பில் சேர்ந்ததே இதற்காகத்தான்.

அருள்புரம் பனியன் கம்பெனியில் நீங்கள் செக்கிங் டேபிள், நான் பண்டல் சுமப்பவன். மழை பெய்த அன்று ஷிப்ட் விட்டதும் உங்கள் வண்டியில் குளத்துக்குப் போவோம். கரையில் டார்ச்சை அணைத்துவிட்டுத் தவளைச் சத்தத்தைக் கேட்கச் சொல்வீர்கள்.

"சத்தம் போடாதேயும் வே, அவன் பாடுதான்."

"இது பாட்டுங்களா? ஆயில் போடாத மிஷினாட்டம் இருக்குதுங்க."

"உம்ம குறட்டைக்கு இது தேவலை. அங்க பாரும், மாப்பிள்ளை மஞ்சள் குளிச்சிருக்கான்."

வெளிச்சத்தில் உடம்பெல்லாம் மஞ்சள், தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பை ஊதி, அந்தத் தவளை உட்கார்ந்திருக்கும். எத்தனை குரல் என்று நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

பிறகு நீங்கள் நோயில் படுத்துவிட்டீர்கள். மழை பெய்தால் என்னை அனுப்புவீர்கள். போனேன். சாயக் கழிவில் தண்ணீர் கறுத்து, கரையோரம் நுரை கட்டியிருந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. திரும்பி வந்தால் பேனாவோடு தலையணையில் சாய்ந்திருந்தீர்கள்.

"எத்தனை வே?"

"நெறையங்க அண்ணாச்சி. காது அடைச்சுப் போச்சுங்க."

எழுதிக்கொண்டீர்கள். மூன்று மழைக்கும் இதே பொய். உங்கள் முகம் வாடக் கூடாது என்று நினைத்தேன்.

இன்று நீங்கள் கடைசியாக எழுதிய பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'நண்பர் சொன்னது: நிறைய.' மூன்று தடவை. என்னை நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் ஒட்டுவீர்களே, அதே ஸ்டிக்கர். யார் செய்த தப்பு என்று நீங்கள் கத்தியதே இல்லை. ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்பீர்கள்.

நான் சொன்னது பொய் என்று தெரிந்திருக்கிறது உங்களுக்கு. தெரிந்தும் மூன்றாவது தடவை ஏன் கேட்டீர்கள்? நான் உண்மையைச் சொல்லியிருந்தால், குளம் பாழாய்ப் போனதை நினைத்து இரண்டு பேருமாகவாவது அழுதிருப்போம். உங்களைத் தனியாக அழவிட்டுவிட்டேன்.

நேற்று மழை. போய் நின்றேன். சாமளாபுரம் பக்கத் தறிச் சத்தம் மட்டும்தான். ஆந்தைகூட இல்லை. மஞ்சள் மாப்பிள்ளை இனி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வரிகளுக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: 'மூன்று நாளும் ஒன்றும் கத்தவில்லை. நான் பொய் சொன்னேன்.' அதற்கும் கீழே நேற்றைய மழை: 'ஒன்றும் இல்லை.' ஸ்டிக்கரை உரிக்கவில்லை. கறை போனால்தான் உரிக்க வேண்டும் என்பீர்கள். குளத்தில் கறை அப்படியேதான் இருக்கிறது.

நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம். அடுத்த வாரம் மழை பெய்தால் போவேன். ஒன்றும் கேட்காவிட்டால், கேட்கவில்லை என்றே உங்களுக்கு எழுதுவேன்.