கேட்டுத்தான் கட்டினேன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுகிறேன். மலையடிவாரத்தில் நம் மெழுகுக் கோடவுன் நிற்கும் நிலத்தின் விசாரணை செவ்வாய்க்கிழமை நடந்தது, அந்த நிலம் எனக்குச் சொந்தமில்லை என்று நானே எழுந்து சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் படி. ஃபோனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், அதனால்தான் கடிதம். நான் நலம், முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் என்னோடு பேரம் பேசுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். உன் மாமா செவ்வாய் முதல் என்னோடு பேசவில்லை, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்று கடை வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிவிட்டு, டீயை மட்டும் உள்ளே வந்து குடித்துவிட்டுப் போகிறான்.

நீ வீடு வாங்க அங்கே பாங்கில் ஈடு கேட்கிறார்கள், கோடவுன் பத்திரம் கைக்கு வந்தால் அனுப்பு என்று எழுதியிருந்தாய், மறக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு நில அதிகாரி தானாகவே கடைக்கு வந்தார். தராசுக்கு எதிரே உட்கார்ந்து, மலையடிவாரம் முழுக்க யார் பேர்லயும் இல்லம்மா, இருபத்தெட்டு வருஷமா நீங்க இருக்கீங்க, ஒரு மனு போட்டா உங்க பேருக்கு வந்துடும் என்றார். உன்னிடம் மறைப்பானேன், மறுநாளே மனுவைப் போட்டுவிட்டேன். ஆனால் கேட்காமல் ஒருவன் நல்ல விலை சொன்னால் மூட்டையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது என் பழக்கம். அவர் விரித்த வரைபடத்தில் கோடவுன் பின்னாலிருந்து மேலே வரப்போகும் கல்குவாரி வரைக்கும் ஒரு ரோடு சிவப்பாகப் போட்டிருந்தது. என்னைப் போல் நாலு பேர் மனு போட்டுவிட்டால் அடிவாரம் ஆளில்லாத நிலமாகக் கிடந்தது என்று எழுதிக்கொள்ளலாம், அடிவாரம் அப்படியென்றால் மலையும் அப்படித்தான். எனக்குப் பத்திரம், குவாரிக்காரனுக்கு மலை, அதுதான் கணக்கு.

நமக்குத் தேனும் மெழுகும் கொண்டுவரும் மலைக்காரர்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. நான் அறிய மூன்று தடவை அரசாங்க ஆட்கள் அளவு எடுக்க வந்தார்கள், பேர் எழுதி மனு கொடுங்கள் என்றார்கள், மூன்று தடவையும் இவர்கள் சிரித்தார்கள். சொந்த வீட்டுக்குள்ள போக எவனாவது மனு போடுவானா என்றார்கள். அரசாங்கத்துப் புத்தகத்தில் கேட்காதவன் இல்லாதவன், அது அவர்களுக்குப் புரியவில்லை, புரிந்தபோது குவாரிக்காரன் வந்துவிட்டான். இப்போது சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவி யார் தெரியுமா, நீ சின்ன வயதில் ரேடியோ என்று பேர் வைத்தாயே, மெழுகு சுமந்து வருவாளே, அவள்தான். அவர்கள் கூட்டத்தில் முன்னால் பேசியவர் சொன்னதை அப்படியே ஒருதரம் திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும், அந்தப் பழக்கத்தில் நான் சொல்லும் விலையையும் என் குரலிலேயே திருப்பிச் சொல்லி என்னை வெட்கப்பட வைப்பாள். அவள் கடைக்கு வந்தபோது என் மனுவின் நகல் மேசைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள். இப்பவும் நாங்க மனு போடல அக்கா, எங்ககிட்ட கேட்டவங்க விசாரணைக்கு வந்து, கேட்டோம்னு சொன்னா போதும் என்றாள். இத்தனை வருடத்தில் அவர்களிடம் நிலம் கேட்டவர்கள் பதினோரு பேர், அதில் நான் மூன்றாவது. இந்த யோசனையைக் கேட்டதும் இவள் வியாபாரத்துக்கு வந்திருந்தால் நான் கடையை மூடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்டது உனக்கு நினைவிருக்காது, உனக்கு இரண்டு வயது, உன் அப்பா போய் ஒரு வருடம். மெழுகு நனையாமல் வைக்க இடம் வேண்டும். அவர்களிடம் இடம் கேட்பவர் இரண்டு ஓடை சேரும் இடத்தில் போய் வாய் திறக்காமல் நிற்க வேண்டும், யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்கும்வரை. ஒரு நிமிடம் வாயை மூடத் தெரியாத நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து நின்றேன். பனி வந்து மரங்களை எடுத்துக்கொண்டு போகும், கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் வைப்பதுபோல் திரும்பக் கொண்டுவரும். எங்கிருந்தோ தேன் வாசனை. கால் என்னுடையதா தரையுடையதா என்று தெரியவில்லை, உன் மூச்சு என் கழுத்தில் பட்டுப்பட்டு அதுவே நேரமாகிவிட்டது. உச்சி வெயிலில் ஒரு ஆள் வந்து, என்ன வேணும் என்றார். பெரிய முற்றமும் வண்டி நிறுத்த இடமும் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது நாற்பதடி மட்டும். நிற்க வைத்தே ஆசையைக் குறைத்துவிடுகிறார்கள் என்று பிறகுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ஹாலில் ட்யூப்லைட் எரிந்தது, ஃபேன் ஒன்று முனகிக்கொண்டே சுற்றியது. மலைக்காரர்கள் பின்வரிசைகளில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மனுவை எடுத்து என் பேரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்ன சொல்வது என்று அப்போதும் முடிவு பண்ணவில்லை. உன் வீடு கண்ணுக்குள் வந்தது, குழந்தைக்கு ஒரு ஜன்னல் என்று எழுதியிருந்தாயே, அதுவும் வந்தது. பேச வரவில்லை. ஃபேன் சத்தம் ஓடைச் சத்தமாகி, மேசையும் ஃபைலும் வெளுத்து எங்கோ தள்ளிப் போயின, எவ்வளவு நேரம் நின்றேனோ. அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது, என்னம்மா வேணும் உங்களுக்கு என்று கேட்டார். பின்வரிசையில் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். நான் சொன்னேன், எனக்கு ஒண்ணும் வேணாம் சார், இந்த எடத்த இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன், இவங்ககிட்டதான் கேட்டேன். டைப் அடிப்பவர் கையைத் தூக்கிக்கொண்டு இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். சொன்னதச் சொன்னபடி எழுதுங்க என்றார் அதிகாரி, முகம் கொடுக்காமல். அதற்குப் பிறகு ஆறு பேர் எழுந்தார்கள். ஒருவர் அதே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மழை அளக்கும் கருவி வைக்க அவரும் ஓடையோரம் நின்றவராம், அரசாங்கமே கேட்டிருக்கிறது பார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. ஃபைல் மேலே போயிருக்கிறது, முடிவு வரும்வரை ரோடு வேலை நிற்கிறது, அவ்வளவுதான். பத்திரம் மட்டும் இனி வராது, உன் பாங்குக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை, அதற்கு என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. கேட்காமல் எடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டு உனக்கு வீடு வாங்கித் தர மனசு வரவில்லை. சின்ன வீடாகப் பார், ஜன்னல் இருந்தால் போதும். மாப்பிள்ளையிடம் சாப்பிட்ட பிறகு சொல், பசியில் சொல்லாதே. இருமலை அலட்சியம் பண்ணாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை மலைக்காரர்கள் கூட்டத்தில் கோடவுன் பற்றிப் பேசி முடித்தோம், ரேடியோ ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், அதனால் ஒரு சொல்லும் மாறாமல் எழுதுகிறேன், இந்தத் தாளைப் பத்திரமாக வை. நிலம் அவர்களுடையது. நான் வியாபாரம் பண்ணும்வரை நாற்பதடி கோடவுன் என்னுடையது. வேலி போடக்கூடாது. விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. மழையில் மாட்டியவர் யார் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். எனக்குப் பிறகு வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து ஓடையோரம் நிற்க வேண்டும், வக்கீலோ கடிதமோ வந்தால் செல்லாது.

இப்படிக்கு,
உன் அம்மா