அப்பாவின் பெட்டிக்குப் பிசின் வைத்தது நான்

என்ரை அன்பான அப்பா,

அம்மா நித்திரையாகிவிட்டா. போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழும்பி வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? விடிந்தால் உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. அதற்கு முன் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் பில்லியட்ஸ் கோல் வைக்கும் பெட்டியின் கொளுக்கியை உடைத்தது நான்தான், அப்பா.

போன கிழமை, நல்லூர் ரியூசனில் என்னோடு படிக்கும் யாமினி துக்கம் விசாரிக்க வந்தாள். மாதா படத்துக்குக் கீழே அந்த நீண்ட கறுப்புப் பெட்டி இருந்தது. "உது என்னடி?" என்றாள். பில்லியட்ஸ் என்றாலே ரவுடிகளின் விளையாட்டு என்றுதான் ரியூசனில் பெட்டைகள் கதைப்பார்கள். எனக்கு வாய் கூசியது. "அப்பான்ரை புல்லாங்குழல். கோயில்லை வாசிக்கிறவர்" என்றேன்.

"இவ்வளவு நீளமோ? கிருஷ்ணருக்கே மூச்சு வாங்கும். திறந்து காட்டனடி!"

அவள் இழுத்தாள், நான் பறித்தேன். கொளுக்கி கையோடு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் நீங்கள் உங்கள் மீன்பிடிப் படகை ஒட்டும் பிசினைத்தானே எடுப்பீர்கள். கதிரைக் காலுக்கும் அதுதான், அம்மாவின் செருப்புக்கும் அதுதான். நானும் அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் மிச்சமிருந்த பிசினில் இறுகும் மருந்தைக் கலந்து கொளுக்கியை ஒட்டினேன். பெட்டியை மூடி வைத்தபடி ஒட்டியதுதான் பிழை. பிசின் வழிந்து மூடியின் இடுக்குக்குள் போய்விட்டது. காய்ந்த பிறகு பெட்டியே திறக்கவில்லை.

இன்று பின்னேரம் உங்கள் கூட்டாளி செல்வம் மாமா வந்தார். நாளை பூசை முடிய, கிளப்பில் உங்கள் நினைவாக ஓர் ஆட்டம். முதல் அடி உங்கள் கோலால்தான் என்று அம்மாவிடம் முன்பே கேட்டிருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது பிசினெல்லோ அக்கா? ஆர் வைச்சது?"

அம்மா விரலால் தடவினா. "வேறை ஆர்? உந்த வேலை அவர்தான் செய்வார்." பிறகு அழத் தொடங்கிவிட்டா. "இனி ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு மனுசன் மூடிப்போட்டுப் போயிருக்கு, செல்வம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"அப்ப விடுங்கோ அக்கா. அண்ணை மூடினதை நான் திறக்கமாட்டன்."

"அப்பான்ரை வேலைதானே பிள்ளை?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டா.

"ஓம்" என்றேன்.

நீங்கள் நினைக்காத ஒன்றை உங்கள் கடைசி விருப்பமாக்கிவிட்டேன். இல்லையென்று சொல்ல நீங்கள் இல்லை. அம்மா இரவு சாப்பிடவில்லை. உங்கள் மேல் கோபமா, கவலையா? கேட்க எனக்குத் துணிவில்லை.

பெட்டியைத் திறக்க வழியிருக்கிறது, அப்பா. மூடி திரும்பும் பின்பக்கப் பிணைச்சலில் பிசின் படவில்லை. ஆணிகளைக் கழற்றினால் அந்தப் பக்கத்தால் மூடியை நெம்பிக் கோலை எடுத்துவிடலாம். ஆனால் மூடியது நீங்கள் இல்லை என்று தெரியாமல் அம்மா அதைத் திறக்க விடுவாவா?

அம்மா அடிப்பா என்று நான் பயப்படவில்லை. "அப்பாவை நினைச்சு வெக்கப்பட்டனியோ?" என்று கேட்பா. அதற்குத்தான் பயம். அதற்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த முறை அது உண்மை.

அம்மா பூசைக்கு வெளிக்கிட முன்னர் சொல்லிவிடுவேன். செல்வம் மாமாவிடமும் நானே போய்ச் சொல்வேன். பெட்டைகள் அந்தக் கிளப்புக்குள் போவதில்லை. பரவாயில்லை, வாசல் வரையாவது உங்கள் கோலை நானே கொண்டுபோவேன். வீதியில் ஆர் கேட்டாலும், என் அப்பா கடலால் வந்து குளித்துவிட்டு பில்லியட்ஸ் விளையாடப் போவார் என்று சொல்வேன். இது சத்தியம், அப்பா.

மன்னிப்புக் கேட்கும்
உங்கள் மூத்த மகள்,
டிலானி