பதினொரு சிவப்பு நூல்

ஆகஸ்ட் 9

வூட்டுக்குப் பின்னால, கரும்பு ஓரமா, எங்க மணிபாரதி அண்ணன் கல்யாண மண்டபம் நடத்துறான். பொண்ணு குட்டையா நிக்கிற குத்து அவரை, மாப்பிள்ளை ஏறிப் படர்ற கொடி அவரை. சாயங்காலம் மொட்டைப் பிரிச்சு மகரந்தப் பையை இடுக்கியால கிள்ளிடுவான். காலையில கொடி அவரை மகரந்தத்தைத் தடவி, காம்புல சிவப்பு நூல். அதுதான் தாலி. விவசாயக் காலேஜ் எம்.எஸ்சி. ஆய்வாம். மூணு வாரமா குனிஞ்சு பதினொண்ணுதான் பிஞ்சு பிடிச்சிருக்கு.

ஆகஸ்ட் 11

பதினொரு தாலியையும் அவுத்து, பக்கத்துப் பிஞ்சுங்களுக்குக் கட்டிட்டேன். அண்ணன் எண்ணிப் பார்த்து "சரியா இருக்கு"ன்னான். நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம்.

ஆகஸ்ட் 30

மறந்தே போச்சு. இன்னிக்கு அவரைக்காய்ப் பொரியல். நூல் இல்லாத காயைச் சமைச்சுக்கோன்னு அம்மாகிட்ட அவனேதான் சொன்னானாம். ரெண்டாவது வாயிலதான் நூலை மாத்தினது ஞாபகம் வந்தது. பந்தியில உட்கார்ந்து பொண்ணு மாப்பிள்ளையையே தின்னுட்டேன். நல்லா இருக்குன்னு அவனும் ரெண்டு தடவை வாங்கினான். இப்பவே சொல்லணும் — எப்படி?

நவம்பர் 20

சொல்லல. நூல் கட்டின காயோட விதையை விதைச்சு, ஒவ்வொண்ணுக்கும் குச்சி நட்டிருந்தான். கொடி குணம்தான் ஓங்கும், முதல் தலைமுறை மொத்தமும் ஏறும்னான். ஒண்ணும் ஏறல. எல்லாம் தாய்ச்செடி மாதிரியே குட்டை. வெறும் குச்சிங்க நிக்குது.

காலேஜ்ல ஏற்கெனவே ஒரு வருஷம் தள்ளிக் கொடுத்தாங்க. இதுதான் கடைசிப் பருவம். காலேஜ் சார் எல்லார் முன்னாடியும் சொன்னாராம்: "உன் கை இந்த வேலைக்கு ஆகாது."

அவன் அதை அம்மாகிட்ட சொல்றப்போ நான் பக்கத்துலயே நின்னேன். ஊர் வாயை எல்லாம் அடைக்கிற செல்வகுமாரி நான். இன்னா வாய் இது?

நவம்பர் 21

மோட்டார் ரூம் பக்கத்துப் பழைய செடியில ஒரு காய், அம்மா கைக்குத் தப்பிக் காஞ்சு கிடந்தது. முதல் நூலை அவுத்தது இதுலதான். ஒரு விதை மட்டும் உருப்படி. வேலியோரம் ஊன்றினேன்.

டிசம்பர் 8

அண்ணன் படிப்பை விட்டுட்டான். சேதராப்பட்டுல கம்பெனி வேலை, ஷிப்ட். இடுக்கியை அம்மா முள் எடுக்க வச்சிருக்கா.

ஜனவரி 3

அந்த ஒத்தைச் செடி துணி காயப்போடுற கம்பியில ரெண்டு சுத்து சுத்தி, அண்ணன் சட்டையையும் பிடிச்சிடுச்சு.

சட்டை எடுக்க வந்தவன் பார்த்துட்டான். "இது எங்கேர்ந்துடி?"

எல்லாத்தையும் சொன்னேன். நூல், பொரியல், எல்லாம். அடிப்பான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அடிக்கல. ரெண்டு கையையும் விரிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னான். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.

"அப்போ கை சரியாத்தான் இருந்திருக்கு"ன்னான்.

ரோட்டுல கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுது. கொடி சுத்தியிருந்த சட்டையை எடுக்காம, வேற சட்டை போட்டுக்கிட்டுப் போனான்.